மார்புச் சந்தனம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மஞ்சனாற்றுச் சீமையை அழகசிங்கர் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுசர்தான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் அவர் சபை நடுவே கொப்பரையில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே நின்றவள் கோயிலுக்குப் பூக்கட்டும் வெள்ளையம்மா.

விஷயம் இதுதான். ஆற்றங்கரை அம்மனுக்கு வருசாவருசம் நாற்பத்தெட்டு நாள் சந்தனக்காப்பு. நவரத்தினப் பதக்கத்தை அம்மன் மார்பில் சாத்தி, அதன்மேல் முதல் பிடிச் சந்தனத்தை அப்புவது அரண்மனை அதிகாரி கனகராயரின் பரம்பரை உரிமை. திரைக்குள்ளே தனியாகச் செய்வார். மிச்சத்தைப் பூசாரி பூசுவார். இந்த வருசம் ஏழு நாளைக்கு முன் காப்பைக் களைந்தபோது பதக்கத்தைக் காணோம்.

"தினமும் மாலை கொண்டு உள்ளே போனவள் இவள்தான். சந்தனத்தைக் குடைந்து எடுத்து, மேலே பூசிவிட்டாள்" என்றார் கனகராயர்.

"நான் தொடவே இல்லை சாமி."

"அப்படியானால் நெய்யில் கையை விடு. வெந்தால் திருடி. அம்மனே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார் ராசா.

வெள்ளையம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். கை போனால் பிழைப்புப் போகும். அதுகூடப் பரவாயில்லை, அம்மனே தன்னைத் திருடி என்று சொன்னதாக ஊர் பேசுமே. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "மகாராசா, அம்மன் தீர்ப்புச் சொல்லி ஏழு நாளாகிறது. அதைத் தங்கள் வீட்டுக்கே அனுப்பியும் வைத்தாள். தாங்கள்தான் பார்க்கவில்லை."

"மந்திரியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்று சிரித்தார் கனகராயர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இருக்கட்டும் ராயரே. பதக்கத்தைச் சாத்தியது நீர்தானே?"

"இந்தக் கையால்தான். சந்தனம் அப்பியதும் இந்தக் கைதான். எங்கள் வம்சத்தைத் தவிர யாருக்கு அந்தப் பாக்கியம்?"

களைந்த மார்புச் சந்தனம் ராசாவுக்குப் போவது வழக்கம். அது பூசையறையில் வெள்ளித்தட்டில் இருந்தது. மந்திரி அதை வரவழைத்து, காய்ந்த பாளத்தை ராசா கையிலேயே கொடுத்தார்.

"வெளிப்பக்கம் குடைந்த தடம் உண்டா? ஒட்டுப்போட்டுப் பூசியது உண்டா?"

"இல்லை."

"திருப்பிப் பாருங்கள்."

உட்பக்கத்தில், சிலையில் செதுக்கிய தாலிக்கொடியின் முறுக்குக்கூட அச்சாகப் பதிந்திருந்தது. கையகலப் பதக்கம் அழுந்தியிருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று கிடந்தது.

ராசா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கனகராயரே, இந்தச் சந்தனத்துக்கு அடியில் பதக்கம் இருந்ததே இல்லை" என்றார்.

கனகராயர் கொப்பரையைப் பார்த்தார். "என் வீட்டு நெற்குதிரில் இருக்கிறது" என்றார்.

"இவன் கையை விடுங்கள் நெய்யில்" என்று ராசா எழுந்தார்.

"வேண்டாம் சாமி" என்றாள் வெள்ளையம்மா. "அந்த நெய் அம்மன் விளக்குக்கு ஆகட்டும்."

ராசாவுக்கு வெட்கமாகிவிட்டது. தீர்ப்பைப் பூசையறையில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே ஒரு பாவமும் அறியாதவளைச் சுடப் பார்த்தோமே என்று வாய்விட்டே சொன்னார். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். கனகராயர் ஆயுசுக்கும் கோயில் வாசலில் சந்தனம் அரைக்க வேண்டும் என்றார்.

மறுவருசம் அவர் அரைத்த சந்தனத்தில் முதல் பிடியை அம்மன் மார்பில் அப்பியது வெள்ளையம்மாதான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. திரை போட வந்த பூசாரியை ராசா கையமர்த்திவிட்டார். அன்றைக்குச் சுருட்டி வைத்த திரையை அப்புறம் அந்தக் கோயிலில் யாரும் விரிக்கவில்லை.