நாலு அடி வைத்துப் பார்த்த கதை

சுரைப்பட்டி கபடிக் குழுவில் ஏழு பேர். அதில் ஆடத் தெரிந்தவன் தவசி ஒருத்தன்தான். மற்ற ஆறு பேரும் எண்ணிக்கைக்கு நின்றார்கள். ஊரே சொல்லும், நான் கூட்டிச் சொல்லவில்லை.

சாயங்காலம் இறுதிப் போட்டி. ஜெயிக்கப்போகிற கப்பை வைக்க இப்போதே பலகை அடிக்க வேண்டும் என்று காலையில் தவசியை ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். பலகை அடித்துவிட்டு இறங்கும்போது விழுந்தான். ஸ்டூலுக்கு மூன்று கால்தான் என்று ஆறு பேருக்கும் தெரியும். அவன் கேட்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம்.

கணுக்கால் பணியாரமாக வீங்கிவிட்டது. சுளுக்கு என்றால் கட்டுப் போட்டு ஆடவிடலாம். முறிவு என்றால் கப்பு போச்சு.

கேப்டன் பூவலிங்கம் ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போட்டான். அந்தம்மா அவசரத்தில் சொன்னது இவ்வளவுதான்: "நாலு அடி வைக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா முறிவாத்தான் இருக்கும். ஆடவிடாம தூக்கிட்டு வாங்க."

ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அடியை எங்க வைக்கிறது? நர்சம்மா இடம் சொல்லலையே," என்றான் பூவலிங்கம்.

"கால்லதான்," என்றான் ஒருத்தன்.

"மனசாட்சி இருக்காடா? காலே வீங்கிக் கிடக்கு. முதுகுல வைப்போம்," என்றான் சீனிச்சாமி.

அது நடக்கிற அடிடா என்று தவசி தொண்டை வற்றக் கத்தினான். வைத்தியம் தெரிந்தவன் ஏன் விழுகிறான் என்று சீனிச்சாமி கேட்டுவிட்டான். ரொம்ப நியாயமான கேள்வி என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பூவரசங்கம்பு வந்தது. முதல் அடி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் தவசி வலியை மறந்து எழுந்து கண்மாய்க்கரையோடு ஓடினான். நாலாவது ஸ்டூல்மேல் விழுந்தது. அதற்கு இப்போது இரண்டு கால்.

பூவலிங்கத்தின் முகம் செத்துவிட்டது. "மூணுதான் வைக்க முடிஞ்சுது. அப்போ முறிவுதான்."

அவனைப் படுக்கப்போட்டுத் தூக்கிப்போக ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆறு பேரும் பின்னால் ஓடினார்கள். "ஓடாதடா, உனக்கு எலும்பு முறிஞ்சிருக்கு." பிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் தவசி தானாகவே மைதானத்துக்கு வந்து கோட்டில் நின்றான். பூவலிங்கம் நடுவரிடம் ஓடிப்போய், இவனுக்கு முறிவு, ஆடவிடாதீர்கள் என்றான்.

"நல்லாத்தானேப்பா ஓடி வந்தான்?"

"ஓட்டத்தை வச்சுச் சொல்லக்கூடாது சார். நாலு அடி வைக்கணும். நம்பலைன்னா நீங்களே வச்சுப் பாருங்க," என்று கம்பை நீட்டினான்.

நாள் முழுக்க வெயிலில் நின்ற மனுஷர். வாங்கி வைத்தார், பூவலிங்கத்துக்கு. நாலும் சுத்தமாக விழுந்தன.

அப்புறம் தவசியைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு, ஆறு பேராக ஆடித் தோற்றார்கள். ஆனாலும் வேட்டுப் போட்டு ஊர்வலம் வந்தார்கள், கேப்டனுக்கு எலும்பு முறியவில்லை என்று. கப்புக்கு அடித்த பலகையில் இப்போது அந்தக் கம்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பூப் போடுகிறார்கள்.