கடைசி வீட்டின் விலை

நெடுங்கரை மன்னர் விசயபூபதிக்குப் போரிலும் ஆசையில்லை, வேட்டையிலும் ஆசையில்லை. வீட்டில்தான் ஆசை. மூட்டிவிட்டவர் அமைச்சர் சீரங்கராயர்.

"போன வருடம் தலைநகரில் நூறு பொன்னுக்குப் போன வீடு இன்று இருநூறு, அரசே. வீட்டு விலை ஏறுமே தவிர இறங்காது. எல்லாவற்றையும் வளைத்துப் போடுங்கள்!"

மன்னர் வாங்கினார். வாங்க வாங்க விலை ஏறியது. ஏற ஏற இன்னும் வாங்கினார். வீட்டுக்கு வீடு அமைச்சருக்குத் தரகு.

விற்றவர்கள் வேறு வீடு வாங்கப் போனார்கள். விலை எட்டவில்லை. மடி நிறையப் பொன்னோடு ஆற்றங்கரை மரத்தடியில் குடியேறினார்கள். ஊர் காலி. மன்னர் பவனி வந்தால் "வாழ்க" சொல்ல ஆளில்லை. அமைச்சரே தெருவின் இரு பக்கமும் மாறி மாறி ஓடிக் கத்தினார். சவரம் செய்ய ஆளில்லாமல் அரசரின் தாடி மார்பைத் தொட்டது. சாவிக்கொத்துகளைச் சுமந்தே பட்டத்து யானை இளைத்துப்போனது.

மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் கைக்குழந்தைகள் இருமின.

விற்காமல் மிச்சமிருந்தது ஒரே வீடு. அவையில் மன்னரைச் சிரிக்கவைக்கும் சாத்தப்பனுடையது. அவர் மசியவில்லை. அதற்காகவே அமைச்சர் ஒரு சட்டம் போடவைத்தார்: கடைசியாக விற்ற வீடு என்ன விலையோ, நாட்டில் எந்த வீட்டுக்கும் அதற்கு மேல் கேட்கக்கூடாது, அதைக் கொடுத்தால் யாரும் விற்க மறுக்கக்கூடாது. மறுத்தால் தலை போகும்.

மறுநாள் சாத்தப்பன் சபைக்கு வந்தார். அவர் சொல்லியனுப்பியபடி ஊர் ஜனமெல்லாம் நனைந்துகொண்டே வாசலில் நின்றது.

"கடைசி விலை ஆயிரம் பொன். எடுத்துக்கொண்டு சாவியைக் கொடும்" என்றார் மன்னர்.

"உங்களிடம் ஆயிரம் வாங்குவேனா அரசே? ஒரு காசு போதும்."

"ஒரு காசா!" மன்னர் துள்ளினார். அமைச்சர் "அரசே, வேண்டாம்..." என்று பாய்வதற்குள் காசைக் கொடுத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

சாத்தப்பன் கைகட்டி நின்றார். "இப்போது எனக்குத் தங்க இடமில்லை. ஒரு வீடு வேண்டும். இன்றைய விலை என்னவோ?"

"கடைசியாக விற்ற வீடு..." மன்னர் தாடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "ஐயோ, ஒரு காசு!"

சாத்தப்பன் அதே காசை நீட்டித் தன் சாவியை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு காசோடு உள்ளே நுழைந்தார்கள். மத்தியானத்துக்குள் யானை முதுகு காலி. ஊரில் அடுப்புப் புகை எழுந்தது.

"போதும்! சட்டத்தை ரத்து செய்கிறேன்!" என்று அலறினார் மன்னர்.

"ஒரு நிமிடம், அரசே. ரத்து ஓலை இன்னும் எழுதவில்லையே." சாத்தப்பன் இன்னொரு காசை வைத்தார். "இது அரண்மனைக்கு. இதுவும் வீடுதானே?"

மன்னர் அரண்மனைச் சாவியைக் கொடுத்தார்.

சாத்தப்பன் சிம்மாசனத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு சாவியை மன்னர் கையிலேயே திணித்தார்.

"வாங்கிய விலைக்கே தருகிறேன், ஒரு காசு கொடுங்கள்."

"ஏனய்யா? வைத்திருந்தால் விலை ஏறுமே!"

"ஏறும் அரசே. ஆனால் அதுவரை இந்த அமைச்சரின் யோசனையைத் தினமும் நானல்லவா கேட்க வேண்டும்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் தாடி குலுங்கியது.