கல்லீரலைவிடக் கொஞ்சம் கூடுதல்

தூத்துக்குடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் தரைத்தளத்தில் பெட் ஸ்கேன் எடுக்கும் பிரிவு. அங்கே தலைமை மருத்துவர் பெர்னதெத்.

ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். உள்ளே போகிற மருந்து கேட்கிறதா, இல்லையா? அதைப் படம் பார்த்துச் சொல்வது அவர் வேலை.

நாச்சியப்பன் அந்த வேலையை அவரிடம்தான் கற்றுக்கொண்டான். காரைக்குடிப் பக்கத்து ஆள். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. தனியாகப் படம் படித்து முடிவு சொல்லும் டாக்டராகவும் ஆகிவிட்டான். ஆனாலும் அவர் அறைக்குள் போனால் இன்னும் உட்காரமாட்டான்.

அவர் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். நரம்பில் கொஞ்சம் கதிரியக்கச் சர்க்கரை ஏற்றுகிறோம். நோய் உயிரோடு இருக்கும் இடம் அதை அள்ளி எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். செத்துப்போன இடம் இருண்டு கிடக்கும். கட்டி அப்படியே இருக்கலாம். ஒளி இருக்காது.

"எடுத்ததும் புள்ளிக்கு ஓடாதே," என்பார். "முதல்ல கல்லீரலைப் பாரு. அது எவ்வளவு ஒளி காட்டுதுன்னு மனசுல வை. அப்புறம் புள்ளிக்கு வா. அதைவிடக் கம்மின்னா மருந்து கேட்குது. கூடுதல்னா கேட்கலை."

அந்த வருஷம் மழைக்காலத்தில் பெர்னதெத்துக்குத் தூக்கத்தில் வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. கழுத்தில் நெறி கட்டியது. சதை எடுத்துச் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் என்று வந்தது. அவர் வருஷக்கணக்காகப் பிறர் உடம்பில் பார்த்துவந்த அதே நிணநீர்ப் புற்றுநோய். முதல் படத்தில் நெஞ்சுக்கு நடுவே ஒரு பெரிய கட்டி விளக்குப் போல எரிந்தது.

ஊசி தொடங்கியது. இரண்டு சுற்று முடிந்ததும் மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் நாள் வந்தது.

காலையிலேயே நாச்சியப்பன் அவர் அறை வாசலில் நின்றான்.

"மேடம், இந்தப் படத்தை நான் படிக்க வேண்டாம். சென்னைக்கு அனுப்பிடலாம்."

"ஏன்?"

"என் கண்ணு நல்லதைத்தான் தேடும்."

"மத்தவங்க படத்துல கெட்டதைத் தேடினியா?"



பெர்னதெத் எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். கழுத்திலிருந்த அடையாள அட்டையை மேஜை மேல் வைத்தார். உள்ளே போய் நோயாளிகளுக்கான பச்சை அங்கியை உடுத்திக்கொண்டு வந்து, ஊசி போடும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆரம்பி."

"கையை நீட்டுங்க மேடம்."

"இங்க மேடம் யாரும் இல்ல. எல்லாரையும் என்ன கேட்பே? கேளு."

அவன் படிவத்தை எடுத்தான்.

"உங்க பேர் என்னம்மா?"

"பெர்னதெத்."

"வயசு?"

"அம்பத்திரண்டு."

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"தண்ணி மட்டும்."

"சர்க்கரை வியாதி உண்டா?"

"கிடையாது."

அவன் நிறுத்திவிட்டான்.

"இன்னொரு கேள்வி இருக்கு," என்றார்.

"அது வேண்டாம்."

"பொம்பளைங்க எல்லார்கிட்டயும் கேட்கிறதுதானே. கேளு."

"கர்ப்பமா இருக்கீங்களாம்மா?"

"இல்லப்பா," என்று சொல்லிவிட்டு அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. ஊசி ஏறியது.

சர்க்கரை உடம்பெங்கும் பரவ வேண்டும். அதுவரை பேசாமல், அசையாமல் விளக்கணைத்த அறையில் படுத்திருக்க வேண்டும். அவர் படுத்திருந்தார். வெளியே பெஞ்சில் அவர் கணவர் ரொமால்ட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பெரிய கைகளில் ஒரு டிபன் கேரியரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் தம்பி," என்றார், நாச்சியப்பன் கடந்து போகையில். "நல்ல சேதியா சொல்லுங்க."

படம் திரைக்கு வந்தது.

நாச்சியப்பன் முதலில் கல்லீரலைப் பார்த்தான். பிறகு நெஞ்சுக்கு வந்தான். பெரிய கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. மிச்சமிருந்த பாதியில் ஒளியே இல்லை. அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். நன்றி சாமி என்று வாய்விட்டுச் சொன்னான்.

அப்புறம்தான் இடது காரை எலும்புக்கு மேலே அந்தப் புள்ளியைக் கண்டான். சின்னது. மிளகு அளவு.

குளிரில் கழுத்துக் கொழுப்பு இப்படி ஒளிர்வது உண்டு. அந்த அறையில் ஏசி அதிகம். ஆனால் கொழுப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒளிர்ந்திருக்கும். இது ஒரு பக்கம்தான். அடியில் ஒரு சிறு நெறியும் தெரிந்தது.

திரையின் ஒளி அளவைக் கொஞ்சம் குறைத்தான். புள்ளி மறைந்தது. படம் அழகாக, சுத்தமாக இருந்தது. இப்படியே எழுதினால் மேடத்துக்கு மருந்தைக் குறைப்பார்கள். முடி தப்பும். பொங்கலுக்குள் வேலைக்கு வந்துவிடுவார். இல்லையென்றால் இதைவிடக் கடுமையான மருந்து.

வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒளி அளவில் கல்லீரலும் மங்கிப் போயிருந்தது.

அளவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். புள்ளி திரும்பவும் எரிந்தது. அளந்தான். மறுபடி அளந்தான். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவர் அறைக்கு அவன் போனபோது பெர்னதெத் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொமால்ட் தேங்காய்ப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுல இருந்த கட்டி அணைஞ்சிடுச்சு மேடம்."

ரொமால்ட் கை கூப்பினார். பெர்னதெத் அவன் முகத்தையே பார்த்தார்.

"வேற?"

"இடது காரை எலும்புக்கு மேல மிளகு அளவு ஒரு புள்ளி."

"கல்லீரலைவிட?"

"கொஞ்சம் கூடுதல்."

அவர் கையிலிருந்த இடியாப்பத்தைத் தட்டில் வைத்தார்.

"ரொம்ப நன்றிப்பா," என்றார். பிறகு தட்டை இழுத்து, மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

புற்றுநோய் டாக்டர் மருந்தை மாற்றினார். அது ஆளை உலுக்கிவிட்டது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. ரத்த அணுக்கள் தரைதட்டி, காய்ச்சல் வந்து, தனியறையில் போட்டார்கள். நாச்சியப்பன் தினமும் வேலை முடிந்ததும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பான். உள்ளே போக அவனுக்கு முகமில்லை.

ஒருநாள் ரொமால்ட் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு புள்ளிதானே தம்பி," என்றார். குரலில் கோபம் இல்லை. "மிளகு அளவுன்னு சொன்னாளே. விட்டிருக்கக் கூடாதா?"

நாச்சியப்பன் கதவைப் பார்த்தபடியே நின்றான்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. சுற்றுகள் முடிந்தன. பங்குனி வெயிலில், தலையில் துணி கட்டிக்கொண்டு, ரொமால்டின் தோளைப் பிடித்தபடி பெர்னதெத் கடைசி ஸ்கேனுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டான். அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார்.

அன்றைய படத்தில் கல்லீரல் ஒளிர்ந்தது. நெஞ்சு இருண்டு கிடந்தது. காரை எலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் இருட்டு. அவன் ஒளி அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். எங்கும் ஒன்றும் இல்லை.

வெளியே ஓடிவந்து சொன்னான். ரொமால்ட் அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் காபி வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போனார்.

பெர்னதெத்தின் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். பெர்னதெத் எதிர் நாற்காலியைக் காட்டினார். நாச்சியப்பன் உட்கார்ந்தான்.

"மேடம், அந்தப் புள்ளி நோய்தானா?"

"தெரியாது."

"சாதாரண வீக்கமா இருந்திருந்தா?"

"இருக்கலாம்."

"அப்படின்னா இவ்வளவு கஷ்டமும் வீணாத்தானே பட்டிருப்பீங்க?"

"அதுவும் இருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிறகு எதுக்கு எனக்கு அன்னைக்கு நன்றி சொன்னீங்க?"

பெர்னதெத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தார். புதிதாக முளைத்திருந்த முடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டார்.

"நோய் வந்ததிலேருந்து என்னைப் பார்க்க எத்தனையோ பேர் வந்தாங்க, நாச்சியப்பா," என்றார். "நீ ஒருத்தன்தான் பார்த்தே."