முன்னால் நின்ற இலை

ஊர் என்றால் ஊர், கடலோரத்தில் ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஜெபமணி வீட்டு மாடியில் ஒரு கேமரா இருந்ததாம். அதற்கு நீண்ட மூக்கு. மூக்கைவிட நீளம் அதன் கர்வம்.

மாடியை ஒட்டி ஒரு வாதாம் மரம். மாசி மாதம் என்பதால் பழைய இலைகள் சிவந்து உதிர்ந்துவிட்டன. கிளை நுனிகளில் பச்சை மொட்டுகள் எட்டிப் பார்த்தன. ஜன்னலோரக் கிளையில் ஒரே ஒரு சிவப்பு இலை மட்டும் விழாமல் தொங்கியது. அதன் பின்னால் தேன்சிட்டுக் கூடு. கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகள்.

கேமரா கல்யாண வீட்டு போட்டோக்காரர் மாதிரி அதட்டியது. “சார், சிவப்புச் சட்டை! கொஞ்சம் நகருங்க. குஞ்சுங்களை மறைக்கிறீங்க.”

“மறைக்கத்தானே நிக்கிறேன்,” என்றது இலை.

“உங்க ஆளுங்க எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பியாச்சு. நீங்க மட்டும் தாம்பூலப் பைக்கா காத்திருக்கீங்க?”

“குஞ்சுங்க பறக்கட்டும், நானே இறங்கிடறேன். இந்த மொட்டு வேற, எழுந்திரு எழுந்திருன்னு முதுகுல குத்துது. அதையே தாங்கிட்டிருக்கேன். நீங்க எம்மாத்திரம்?”

குஞ்சுகளைப் படமெடுக்கக் காத்திருந்த ஜெபமணிக்கும் பொறுமை போயிற்று. கொடியில் கிடந்த தன் வேட்டியிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். இலையை ஒதுக்கி, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கவ்வ வைத்தார்.

“கெட்டியா பிடி,” என்று கிளிப்புக்கு உத்தரவு போட்டது கேமரா.

கீழேயிருந்து அவர் மனைவி அமலோற்பவத்தின் குரல் வந்தது. “என்னங்க! உங்க வேட்டி தெருவுல போகுது!”

“போகட்டும் விடு. இங்கே ரெண்டு வாயும் திறந்திருக்கு!”

அப்போது தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒரு காகம் கூப்பிட்டது. “அண்ணே, ரொம்ப நன்றி! தேன்சிட்டு கூட்டை எங்கே வெச்சிருக்குன்னு தேடித் தேடி அலுத்துட்டேன். இப்போ பளிச்சுன்னு தெரியுது.”

கேமராவுக்கு மூக்கெல்லாம் வியர்த்தது. “டேய் கிளிப்பு, விடு!”

“பிடின்னு சொன்னீங்க?”

“இப்போ விடுன்னு சொல்றேன்டா!”

ஜெபமணி பொத்தானை அழுத்தினார். கேமரா மூக்கை நீட்டியது, சுருக்கியது, மறுபடி நீட்டியது. படம் எடுக்கவே இல்லை. “இதுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்று அவர் அதன் தலையில் தட்டினார். அதற்குள் கிளிப் வாயைத் திறந்தது. இலை துள்ளிப்போய் பழைய இடத்தில் நின்றது. அப்போதுதான் ‘க்ளிக்’.

காகம் பறந்துவந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. “அண்ணே, கூடு எங்கே போச்சு?”

“பார்த்ததைப் பார்த்தபடி காட்டுறவன் நான். நீயே பார்த்துக்கோ.”

திரை முழுக்க ஒரு சிவப்பு இலை.

“இதுக்கா இவ்வளவு பெரிய மூக்கு!” என்றது காகம். அதற்குள் வேட்டியை உதறிக்கொண்டே மாடியேறி வந்துவிட்டாள் அமலோற்பவம். அந்த உதறலில் காகம் தெரு தாண்டிப் போயிற்று.

சில நாளில் குஞ்சுகள் பறந்தன. அன்று சாயங்காலமே இலை காம்பு கழன்று இறங்கியது. கேமராவைக் கடக்கும்போது கேட்டது: “இப்போ தெரியுதா சார்?”

எதிரே வெறுங்கூடு. நல்ல வெளிச்சம். குறுக்கே யாரும் இல்லை.

“தெரியுது,” என்றது கேமரா. மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஜெபமணி குனிந்து இலையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஜன்னல் கம்பியில் கிடந்த கிளிப்பைக் கொண்டுபோய் வேட்டியில் மாட்டிவிட்டு, உள்ளே போனார்.