உகைத்தல்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தேழு. தென்காசிப் பக்கத்து மடமொன்றில் நடந்த வேடிக்கை இது. ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற சங்கரபாண்டியன் அங்கே பழைய பாட்டுகளைப் படிக்க வருவார். பாடம் சொல்லும் இளைய தம்பிரான் அவரை ‘டிரைவரே’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைய பாட்டில் ‘உகைத்தல்’ என்றொரு சொல் வந்தது.

“அகராதியில செலுத்துதல்னு போட்டிருக்கு சாமி. குதிரையை உகைத்தான், கலத்தை உகைத்தான். அவ்வளவுதானா?”

தம்பிரான் அவர் முகத்தையே பார்த்தார்.

“மூணு நாளா முகம் வாடிக் கிடக்கே, டிரைவரே?”

“மக மங்கை கனடாவுக்குப் போறா. இன்னைக்கு அஞ்சு மணி வண்டியில சென்னைக்குக் கிளம்புதா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு.”

“நீங்க இங்க உக்காந்திருக்கீங்க.”

“‘போயிட்டு வரட்டுமாப்பா’ன்னு மூணு நாளா கேக்கா. பதில் சொல்ல வாய் வரமாட்டேங்கு. அவ அம்மா போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான் சாமி.”

தம்பிரான் புத்தகத்தை மூடி வைத்தார்.

“மலைப்பாதையில நீங்க என்ன இன்ஜின் ஓட்டினீங்க?”

அந்தப் பேச்சை எடுத்தால் போதும், சங்கரபாண்டியனுக்கு வயதில் முப்பது குறைந்துவிடும். கரிப்புகையும் நனைந்த மூங்கில் வாசமும் மூக்கில் வந்து நின்றன. என்ன நாட்கள் அவை! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“பின் இன்ஜின் சாமி. ஏத்தத்துல முன்னாடி ஒண்ணு இழுக்கும், பின்னாடி நான் தள்ளுவேன். உள்ள இருக்கவங்களுக்கு நான் இருக்கதே தெரியாது.”

“உச்சிக்குப் போனதும்?”

“என்னைக் கழத்தி விட்டுருவாங்க. வண்டி அந்தப் பக்கம் இறங்கிரும். நான் தனியாத் திரும்பி வருவேன்.”

“கழத்தினதும் முன் டிரைவர் கிளம்பிருவாரா?”

“அதெப்படி? அவரு விசில் குடுப்பாரு. பதிலுக்கு நான் குடுக்கணும். அது கேக்காம அவரு சக்கரத்தை அசைக்கமாட்டாரு. ஒருநாள் மழையில என் விசில் அடைச்சுக்கிட்டு. இருபது நிமிஷம் மொத்த வண்டியும் நின்னு போச்சு. அவரு பாவம், கூவிக்கிட்டே இருந்தாரு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். மடத்துக் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது. எழுந்து துண்டைத் தோளில் போட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

“சாமி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம்…”

“மூணு நாளா அந்தப் பிள்ளை கூவிக்கிட்டிருக்கு. ஓடுங்க டிரைவரே. அர்த்தத்தை நாளைக்கு நீங்க வந்து எனக்குச் சொல்லுங்க.”