‘வேண்டாம்’ நின்ற இடம்

“எம் மேல தப்பே இல்ல டீச்சர். இந்த பிரவுசருகதான் ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு இடைவெளி விடுது” என்றார் சூசைமிக்கேல்.

குரு தெய்வானை அவரைவிட வயதில் சின்னவள். வெப் பேஜ் செய்வதற்கு, நரைத்த தலையோடு அவளிடம் பாடம் கேட்க வந்தவர் அவர். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

“காட்டுங்கண்ணே.”

மீனவர் சங்கத்துக்காக அவர் செய்த புயல் எச்சரிக்கைப் பக்கம் அது. ‘இன்று கடலுக்குப் போக’ என்று ஒரு வரி. அதன் கீழே சிவப்பில், தனி வரியாக, ‘வேண்டாம்’.

அவர் கம்ப்யூட்டரில் லட்சணமாகத்தான் இருந்தது. போன புயலின்போது தம்பி லாசரின் பழைய போனில் இரண்டு வரிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்து, ‘வேண்டாம்’ திரைக்குக் கீழே போய்விட்டது. மிச்சத்தை லாசர் தானே ‘போகலாம்’ என்று நிரப்பிக்கொண்டான். கடலுக்குப் போயேவிட்டான், பாவி!

படகு போயிற்று. ஆள் மட்டும் பிழைத்து வந்தான், மாதா புண்ணியம்.

இப்போது மறுபடி புயல். சாயங்காலம் இரவல் படகோடு கடலில் இறங்கப் போகிறானாம்.

“ஒரு போனுக்காக ‘வேண்டாம்’ங்கிறத மேல இழுத்தேன். இன்னொண்ணுல ரெண்டு வரியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிட்டு. அதச் சரி பண்ணுனா மூணாவது பல்லிளிக்கி. நான் என்னதான் செய்ய?”

தெய்வானை அவர் எழுதிய அலங்காரம் அத்தனையையும் அழித்தாள்.

“ஐயையோ!”

வெறும் இரண்டு வரி மிஞ்சியது. அதை மூன்று போனில் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

மூன்றிலும் இடைவெளி இருந்தது. மூன்றும் மூன்று விதம்.

“இத யாரு வெச்சா?” என்று கேட்டாள்.

“நான் வைக்கல. இடைவெளியப் பத்தி ஒரு வார்த்தகூட நான் சொல்லலையே.”

“அதான்.”

“என்ன அதான்?”

“நீங்க சொல்லல. அதுஅது நெனச்சத வெச்சுக்கிச்சு.”

சூசைமிக்கேல் இடைவெளி பூஜ்யம் என்று முதலில் எழுதினார். அதற்கப்புறம் தனக்கு வேண்டிய அளவை எழுதினார்.

மூன்று போனிலும் ‘வேண்டாம்’ ஒரே இடத்தில் வந்து நின்றது.

“தம்பி வீடு எங்கண்ணே?” என்றாள் தெய்வானை.

“பக்கத்து வீடுதான்.”

“போன புயலுக்கு நேர்ல சொல்லலையா?”

“அப்பா வீட்ட ரெண்டு பேருக்கும் பிரிச்சதுலேருந்து அவன்கூடப் பேச்சு கெடையாது. பேசலன்னா என்ன டீச்சர்? என் மனசுல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா…”

பாதியில் நிறுத்தினார். அவர் கண் அந்த மூன்று போன்களின் மேல் இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் கடற்கரைக்கு ஓடினார்.

லாசர் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஏலே லாசரு.”

“பேஜப் பாத்துட்டேன். இரவல் படகு, இன்னைக்கு விட்டாக் கெடைக்காது.”

“பேஜ் கெடக்கட்டும்லே. நான் சொல்லுதேன். நீ போயிட்டா எனக்கு ஆரு இருக்கா? போகாதலே.”