பரமகுரு அண்ணாச்சியின் வண்டியைத் தூங்க வைத்த கதை

ஆலங்குளம் பைபாஸில் தவசி ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். காட்டிவிட்டு, "அங்க எதுக்குப் போறீக?" என்று ஒரு கேள்வியும் கேட்பார்கள். மேஸ்திரி தவசி, அவருக்குக் கீழே பூவலிங்கம், கொம்பையா. மூன்று பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான்.

ஷெட்டுக்குச் சொந்தக்காரர் அரிசி மில் பரமகுரு அண்ணாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் புது சொகுசு வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே டிவி மாதிரி இரண்டு திரை, உட்கார்ந்தால் முதுகைப் பிடித்துவிடும் சீட்டு, எல்லாம் இருந்தது. ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. எம் மருமகன் இந்த வண்டியிலதான் மண்டபத்துக்கு வரணும். இல்லேன்னா ஷெட்டைக் காலி பண்ணிரணும், பாத்துக்கோ."

பதினோரு வருஷமாக அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் தவசியின் பிழைப்பு ஓடுகிறது. பெரிய வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் மதுரை காஜா பாய்க்குப் போன் போட்டார்.

"ஒரு லைட்டும் எரியலையா? அப்ப பேட்டரி இறங்கிருச்சு. கழட்டி ஏத்துங்க."

"எவ்வளவு ஏத்தணும் பாய்?"

"ஃபுல்லா ஏத்துங்க."

ஊரிலேயே உயரமானது பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. பேட்டரியைத் தலையில் வைத்து, ஏணி வழியாக உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதற்கு மேல் ஏற்ற இடமில்லை என்றான பிறகுதான் கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, இப்ப கீழ கொண்டுபோனா மறுபடியும் இறங்கிரும்லா?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். காற்று நன்றாக இருந்தது.

"இறங்கத்தான் கூடாது, விழலாம்," என்றான் பூவலிங்கம். "விழுந்தது வேற, இறங்கினது வேற."

"அறிவுடே உனக்கு," என்றார் தவசி.

கீழே வைக்கோல் போர் இருந்தது பேட்டரி செய்த புண்ணியம். எடுத்து வந்து மாட்டியதும் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. முன்பு கழன்று கிடந்த கேபிளைக் கொம்பையா இந்தத் தடவை இறுக்கி மாட்டியிருந்தான். அது கொம்பையாவுக்கே தெரியாது.

தவசி சந்தோஷம் தாங்காமல் காஜா பாயைக் கூப்பிட்டார்.

"எரிஞ்சா மட்டும் போதாது," என்றார் பாய். "இந்த மாதிரி வண்டி பூட்டினதும் தூங்கணும். தூங்காம முழிச்சிக்கிட்டே இருந்தா பேட்டரியத் தின்னுரும். பூட்டிட்டு சாவியத் தூரமாக் கொண்டுபோயிருங்க. சாவி பக்கத்துல இருந்தா அது தூங்காது. நல்லாத் தூங்கினதும் சொல்லுங்க."

"தூரம்னா எவ்வளவு பாய்?"

"தூரம் கூடக்கூட நல்லதுதான்."

பூவலிங்கம் சாவியோடு செங்கோட்டை பஸ் ஏறினான்.

தவசியும் கொம்பையாவும் முன் விளக்கு இரண்டையும் துண்டால் கட்டினார்கள். எதிர் டீக்கடைக்காரரிடம் கெஞ்சி ரேடியோவை நிறுத்தினார்கள். தவசி பானெட்டைத் தட்டிக்கொடுத்தபடி ஆராரோ பாடினார். ஆனால் உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது.

"தூங்குத மாதிரி நடிக்குது அண்ணே."

"பசியா இருக்குமோ? டேங்கைப் பாரு."

"காலையில பாத்தேன், ஃபுல்லா இருக்கு."

"அப்ப வயிறு முட்டிக் கிடக்கு. முதுகைத் தட்டு, ஏப்பம் விடட்டும்."

கொம்பையா போய்ப் பின்கதவைத் தட்டினான். ஏப்பம் வரவில்லை. பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக அண்ணாச்சிதான் வந்தார். மணி ஐந்து.

"வண்டியை எடுடே!"

தவசி வாயில் விரலை வைத்தார். "மெதுவா அண்ணாச்சி. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

"சாவி எங்கல?"

"செங்கோட்டையில. அதுக்கும் தூரமாப் போகணும்னா கேரளாதான் அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. தவசிக்கு அழுகை வந்தது. ஷெட் கையைவிட்டுப் போகிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. அழுகைக்கு நடுவிலேதான் யோசனை உதித்தது.

"மாப்பிள்ளை இந்த வண்டியில வரணும்னுதான சொன்னீக? வண்டி ஓடணும்னு சொல்லலையே?"

வேறு வழி? மில்லில் மூட்டை தூக்கும் ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். சவுக்குக் கட்டைகளை அடியில் கொடுத்து, வண்டியைச் சாமி சப்பரம் மாதிரி தோளில் தூக்கினார்கள். கதவு பூட்டியிருந்ததால் மாப்பிள்ளையை மாலையும் கோட்டுமாகக் கூரைமேல் உட்காரவைத்தார்கள். தவசி முன்னால் நடந்து தெரு முழுக்க "உஷ்... உஷ்..." என்று அடக்கிக்கொண்டே போனார். வெடி கிடையாது. தவில் கிடையாது. நாதஸ்வரக்காரர் மட்டும் தவசி கேட்டுக்கொண்டபடி தாலாட்டு ராகமான நீலாம்பரியை வாசித்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். முழித்திருந்தது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான். அண்ணாச்சி சம்பந்தி வீட்டார் காதில் விழாதபடி தவசியை நெருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"விடிஞ்சதும் ஷெட்டைக் காலி பண்ணிரு."

மறுநாள் முகூர்த்தம் முடிந்த கையோடு அண்ணாச்சி ஷெட்டுக்கு வந்து பார்த்தார். ஸ்பானர் இல்லை, ஜாக்கி இல்லை, பழைய டயர் இல்லை. சுவரில் அடித்திருந்த ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். கூட்டிப் பெருக்கிய தரையின் நடுவில், செங்கோட்டையிலிருந்து திரும்பிவிட்ட பூவலிங்கத்தையும் சேர்த்து மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் என்னடே உள்ள உக்காந்திருக்கிய?"

தவசி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொன்னபடி காலி பண்ணியாச்சு அண்ணாச்சி. சாமானெல்லாம் உங்க மில்லுல கொண்டு வச்சிட்டோம். இனிமே வண்டியக் கொண்டாந்து போடுங்க. இத்தனை சாமான் நெரிசல்ல அதுக்கு நேத்து எப்படித் தூக்கம் வந்திருக்கும்?"